படிப்பு இருந்தது, கையெழுத்து இல்லை

பெண்ணைப் படிக்க வைத்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வந்துவிடும் என்று நாம் அடிக்கடி சொல்கிறோம். லெசோத்தோவின் கதையைச் சொல்கிறேன். அங்கே பல காலமாக ஆண்களைவிடப் பெண்கள்தான் அதிகம் படித்தவர்கள். அப்படியும் மற்றதெல்லாம் தானாக வரவில்லை. ஏன் வரவில்லை என்பதுதான் விஷயம்.

நாலாபுறமும் தென்னாப்பிரிக்கா சூழ்ந்த சின்ன மலைநாடு அது. மக்கள்தொகை சுமார் 23 லட்சம். உழுவதற்கேற்ற நிலம் குறைவு. அதனால் ஆண்பிள்ளை என்றால் இரண்டு வேலை எழுதி வைத்தது போல: சிறுவயதில் ஆடு மாடு மேய்ப்பது, வளர்ந்ததும் எல்லை தாண்டித் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத்துக்குப் போவது. கம்பளிப் போர்வையைத் தோளில் போர்த்தி, ரப்பர் பூட்ஸ் மாட்டி, கையில் கோலோடு பையன் மலையேறிவிடுவான். கோடை முழுக்க மேல்மலைப் பட்டியிலேயே தங்கல். பள்ளிக்கூடத்து பெஞ்சில் மிஞ்சியவர்கள் பெண்பிள்ளைகள். பெண்கல்வி வேண்டுமென்று யாரும் திட்டம் போட்டு இது நடக்கவில்லை. பையனுக்கு வேறு வேலை இருந்தது, அவ்வளவுதான்.

1980களின் இறுதியில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான லெசோத்தோ ஆண்கள் அந்தச் சுரங்கங்களில் இருந்தார்கள். ஊரில் நிலம், பிள்ளைகள், வயதானவர்கள் எல்லாமே மனைவி பொறுப்பு. எழுதப் படிக்கத் தெரிந்தவளும் அவள்தான். ஆனால் சட்டத்தின் கண்ணில் திருமணமான பெண் மைனருக்குச் சமம். கடன் வாங்க, ஒப்பந்தம் போட, வழக்குத் தொடுக்க, எல்லாவற்றுக்கும் கணவனின் சம்மதம் வேண்டும். அவனோ பூமிக்கடியில் இருக்கிறான், பண்டிகைக்குத்தான் வீடு வருவான். வீட்டை நடத்துகிறவளுக்குக் கையெழுத்துப் போடும் உரிமை இல்லை. 2006-ல்தான் திருமணமானவர்களின் சட்டத் தகுதி பற்றிய சட்டம் வந்து கணவனின் இந்த அதிகாரத்தை நீக்கியது. சுதந்திரம் கிடைத்தது 1966-ல். நாற்பது வருஷ இடைவெளியை எண்ணிப் பாருங்கள்.

அப்போதும் எல்லாம் தீர்ந்துவிடவில்லை. ஊர்த்தலைவர் பதவி மூத்த மகனுக்குத்தான் என்ற விதி நீடித்தது. மகன் இல்லாமல் தலைவர் இறந்தால் அவருடைய விதவை அந்த இடத்தில் அமரலாம், மகள் அமர முடியாது. ஒரு தலைவரின் மகள் நீதிமன்றம் வரை போய்ப் பார்த்தார். 2013-ல் அரசியல் சாசன நீதிமன்றமும் அடுத்து மேல்முறையீட்டு நீதிமன்றமும் கைவிரித்துவிட்டன.

நோயும் அந்தச் சுரங்க வழியில்தான் வந்தது. ஆண்களை மாதக்கணக்கில் குடும்பத்தைவிட்டுப் பிரித்து, ஆண்கள் மட்டுமே தங்கும் விடுதிகளில் அடைத்த சுரங்க வேலை, எச்.ஐ.வி. பரவ வசதி செய்துகொடுத்தது. பாறைத்தூள் நுரையீரலை அரித்தது. அரித்த நுரையீரலில் காசநோய் எளிதாகக் குடியேறியது. உலகிலேயே காசநோய் மிகக் கடுமையாக உள்ள நாடுகளில் லெசோத்தோவும் ஒன்று. தூசியால் பாதிக்கப்பட்ட சுரங்கத் தொழிலாளர்களுக்கான இழப்பீட்டுத் திட்டத்துக்குத் தென்னாப்பிரிக்க நீதிமன்றம் ஒப்புதல் தந்தது 2019-ல். அதற்குள் எத்தனையோ பேர் போய்ச் சேர்ந்திருந்தார்கள். எச்.ஐ.வி. கணக்கைப் பாருங்கள். 2016-17-ல் எடுத்த தேசியக் கணக்கெடுப்பில் 15 முதல் 59 வயதுள்ள பெண்களில் 30.4 சதவீதம் பேருக்குத் தொற்று, ஆண்களில் 20.8. உடற்கூறு ஒரு காரணம். இன்னொன்று, ஆணுறை வேண்டும் என்று சொல்லும் இடத்தில் பெண் இல்லை என்பது. நோய் எப்படிப் பரவும் என்று அவள் பள்ளியில் படித்திருப்பாள். வீட்டில் அதைச் சொன்னால் அடி விழும், இல்லையென்றால் பணம் வருவது நிற்கும்.

மருந்து விஷயத்தில் அந்த நாட்டைப் பாராட்டத்தான் வேண்டும். தொற்று உறுதியான எல்லோருக்கும் உடனே சிகிச்சை என்ற முறையை ஆப்பிரிக்காவில் முதலில் கொண்டுவந்தது லெசோத்தோதான், 2016-ல்.

தங்கச் சுரங்கங்கள் ஆட்குறைப்பு செய்தபோது ஆண்கள் வீடு திரும்பினார்கள், பெண்கள் வேலைக்குப் போனார்கள். தலைநகர் மசேருவிலும் மபுட்சோ நகரிலும் தைவான் முதலாளிகளின் ஆடை ஆலைகள் பெருகின. லீவைஸ் ஜீன்ஸ் அங்கே தைக்கப்பட்டது. கையில் சம்பளம் வந்தது. ஆனால் வேலை ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பது சூப்பர்வைசர் கையில். வேலை நீடிக்க வேண்டுமா, ஓவர்டைம் வேண்டுமா, என் இஷ்டத்துக்கு இணங்கு என்று சிலர் பெண்களை மிரட்டினார்கள். தொழிலாளர் உரிமை அமைப்பு ஒன்று விசாரித்து அதை வெளியே கொண்டுவந்தது. 2019-ல் தொழிற்சங்கங்கள், பெண்கள் அமைப்புகள், ஆலை நிர்வாகம், வெளிநாட்டு பிராண்டுகள் எல்லாம் ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டன. புகாரை விசாரிப்பது ஆலையைச் சாராத குழு. அதன் முடிவுக்கு ஆலை கட்டுப்படாவிட்டால் பிராண்ட் ஆர்டரைக் குறைக்க வேண்டும். நல்ல நடத்தை பற்றிய அறிவிப்பு ஒட்டிய பலகைகள் அந்த ஆலைகளில் முன்பே உண்டு, பயன் இல்லை. முதலாளிக்கு நஷ்டம் வரும் என்று எழுதியதால்தான் பேச்சு எடுபட்டது.

நமக்கும் இதில் பங்குண்டு. 2021 ஜனவரியில் திண்டுக்கல் பக்கம் ஓர் ஆடை ஆலையின் இளம் தலித் பெண் தொழிலாளி கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டு அங்கே கையெழுத்தான திண்டுக்கல் ஒப்பந்தமும் பிராண்டுகளைக் கட்டுப்படுத்தும் இதே வகைதான். பெண்கள் மீதான வன்முறையையும் தொல்லையையும் தடுக்க ஆசிய ஆடைத் துறையில் வந்த இவ்வகை ஒப்பந்தங்களில் அது முதலாவது. அதற்கு முன்னோடி லெசோத்தோ.

2025 ஏப்ரலில் அமெரிக்கா லெசோத்தோ பொருள்களுக்கு 50 சதவீத வரி அறிவித்தது, ஆகஸ்டில் 15 ஆகக் குறைத்தது. இடைப்பட்ட மாதங்களில் ஆர்டர்கள் நின்றன, பெண்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். அதே ஆண்டு அமெரிக்க உதவி வெட்டப்பட்டதில் எச்.ஐ.வி. பணியாளர்களும் வேலை இழந்தார்கள். ஆர்டரைக் குறைப்போம் என்பதுதான் லெசோத்தோவின் 2019 ஒப்பந்தங்களின் பிடி. ஆர்டரே இல்லாத ஆலையில் எதைச் சொல்லி யாரை நிறுத்துவது? எனக்குக் கவலை அதுதான். சம்பளம் போன பெண்ணுக்கு வீட்டில் வாய் திறக்கும் தெம்பும் அதோடு போகிறது, மருந்து வாங்கக் கிளினிக்குக்குப் போகும் பஸ் காசும் போகிறது.