நாசோக் களவாவின் தாழ்வும் உயர்வும்

கடல்படு பொருள்கள் எடுக்க எடுக்கக் குறையா என்பது பலர் கொள்கை. அது பிழைபட்டதென்பதனை ஒரு மீனின் வரலாறு கொண்டே நாம் அறியலாம். நம் கடற்கரையோர் களவா என வழங்கும் மீனினத்துள் ஒன்று நாசோக் களவா. பகாமாத் தீவுகளின் தலைநகராகிய நாசோவின் பெயரால் அஃது அழைக்கப்பெறும். கரிபியக் கடலும் அதனையடுத்த நீர்ப்பரப்பும் அதன் உறைவிடம். நம் கடலில் அஃது இல்லை.

இம்மீன் வாழ்நாள் முழுவதும் ஒரே வகையான இடத்தில் உறைவதன்று. முட்டையினின்று வெளிப்பட்ட இளங்குஞ்சு ஒரு திங்களளவு நீரோட்டத்தோடு மிதந்து திரியும். பின்னர்க் கரையடுத்த ஆழமில்லா நீரில் கடற்பாசிக் கொத்துக்களுள் ஒளிந்து வளரும். சற்றே பெருத்தபின் சிறு பாறைத்திட்டுக்களை நாடும். முதிர்ந்தபின் ஆழ்ந்த பவளப்பாறைப் பொந்துகளில் தனித்து வாழும். ஆகவே, பாசி அழியின் குஞ்சுக்குப் புகலில்லை. பாறை அழியின் முதுமீனுக்கு வீடில்லை.

தனிமையை விரும்பும் இம்மீன், பனிக்காலத்து நிறைமதியை ஒட்டிய சில நாட்களில் மட்டும் நெடுந்தொலைவு நீந்தி, ஆண்டுதோறும் குறித்த ஓரிடத்திற் கூடி, ஞாயிறு சாயும் வேளையில் முட்டையிடும். பிமினித் தீவினருகே அங்ஙனம் கூடியவை 30,000-க்குக் குறையா என 1972-இல் வெளிவந்த ஆராய்ச்சியுரை ஒன்று மதிப்பிட்டது.

இக்கூட்டமே அதற்குக் கேடாயிற்று. என்னை? இடமும் நாளும் அறிந்த வலைஞர்க்கு அதனைப் பிடித்தல் எளிதாயிற்று. திரளைக் கண்டோர் கடல் முழுவதும் மீன் மலிந்துளதென எண்ணினர். பரந்த பாறைகளிலுள்ள முதுமீன்களெல்லாம் அங்கே ஒருங்கு திரண்டன என்பதை உணர்ந்திலர். இதனாற் பல கூட்டங்கள் அடியோடு மறைந்தன. அமெரிக்க ஐக்கிய நாட்டரசு 2016-இல் இம்மீனை அழிவு நோக்கிச் செல்லும் உயிர்களின் வரிசையிற் சேர்த்தது.

எனினும் கியூபாவின் தெற்கேயுள்ள கேமன் தீவுகள் நமக்கு நம்பிக்கை தருகின்றன. ஆங்குச் சின்னக் கேமன் தீவின் மேற்குக் கோடியில் 2001-இல் ஏறத்தாழ 7,000 மீன்கள் கூடக் கண்டனர். இரண்டே பருவங்களில் சுமார் 4,000 பிடிபட்டன. 2003-இல் அரசினர் முட்டையிடும் இடங்களில் மீன்பிடித்தலைத் தடுத்தனர். ஆராய்ச்சியாளர் சில மீன்களுக்கு அடையாளம் இட்டு விடுத்தனர். பின் நீருள் மூழ்கி, கண்டவற்றுள் அடையாளமுடையவை எத்துணை என எண்ணி, அவ்விகிதங்கொண்டு முழுத்தொகையைக் கணித்தனர். குஞ்சு முதிர்ந்து கூட்டத்திற் சேரப் பல ஆண்டுகள் வேண்டுமாதலின் பயன் உடனே தோன்றவில்லை. ஆயினும் ஏறக்குறைய 15 ஆண்டுகளில் தொகை மும்மடங்கிற்கு மேலாயிற்று.

2016-இல் சட்டம் மேலும் திருந்தியது: டிசம்பர் முதல் ஏப்ரல் வரை இம்மீனைப் பிடித்தலாகாது, ஏனைத் திங்களிலும் 16 முதல் 24 அங்குல நீளமுள்ளவற்றையே கொள்ளலாம். இதனால் வலைஞர் பிழைப்பும் முற்றும் தடைப்படவில்லை. மிகுதியாக முட்டையிடும் பெருமீன்களும் உய்ந்தன.

கடல்மீன்களை ஆளும் உரிமை மக்கட்கு அளிக்கப்பட்டதென நம் மறை கூறும். ஆளுதலாவது அழித்தலன்று, காத்துத் துய்த்தலே என்பதனை அச்சிறு தீவினர் செய்து காட்டினர்.