ஒரே கோப்பு, இரண்டு திருத்தங்கள்

ஒரே கோப்பை இரண்டு பேர் இரண்டு கணினிகளில் திருத்தினால் எதை வைத்துக்கொள்வது? கடைசியாகச் சேமித்ததை வைத்துக்கொண்டால், முந்தியவரின் உழைப்பு சத்தமில்லாமல் அழிந்துபோகும். ஒருவர் முடிக்கும்வரை மற்றவர் தொடாதபடி பூட்டிவைக்கலாம். 1980களில் வந்த ஆர்சிஎஸ் மென்பொருள் அப்படித்தான் செய்தது. ஆனால், பல நாடுகளிலிருந்து ஏராளமானோர் கைவைக்கும் லினக்ஸ் இயங்குதளத்தின் மைய நிரலான கெர்னலுக்கு அது ஒத்துவராது.

லினக்ஸ் குழுவினர் 2002 முதல் பிட்கீப்பர் என்ற மென்பொருளை நம்பியிருந்தனர். 2005இல் அதன் இலவச உரிமம் கைவிட்டுப் போனது. அந்த ஏப்ரலில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் தானே எழுதத் தொடங்கியதுதான் ‘கிட்’.

கிட்டில் ஒவ்வொருவர் கணினியிலும் கோப்புகளோடு அவற்றின் வரலாறும் இருக்கும். உள்ளடக்கத்தை ஷா-1 என்ற கணக்கீட்டில் இட்டு, 40 எழுத்துகள் கொண்ட அடையாளம் ஒன்றை அது உருவாக்குகிறது. ஒரு காற்புள்ளி மாறினாலும் அடையாளம் மாறிவிடும். ஒத்திசைக்கும்போது அடையாளங்களை ஒப்பிட்டு, இல்லாததை மட்டும் அனுப்பினால் போதும். ‘கமிட்’ எனப்படும் ஒவ்வொரு பதிவும் தனக்கு முந்தையதன் அடையாளத்தைத் தாங்கி நிற்பதால் வரலாறு சங்கிலியாகத் தொடர்கிறது.

இருவரின் திருத்தங்களையும் இணைக்கும்போது, அதாவது ‘மெர்ஜ்’ செய்யும்போது, கைகொடுப்பது இந்தச் சங்கிலிதான். குமாரின் பிரதியில் உள்ள ஒரு வரி செல்வியின் பிரதியில் இல்லை. குமார் சேர்த்தாரா, செல்வி நீக்கினாரா? இரண்டையும் எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் விடை கிடைக்காது. கிட் பின்னோக்கிப் போய், இருவரும் பிரிவதற்கு முன்பிருந்த பொதுவான பிரதியை எடுக்கிறது. அந்த வரி அதில் இருந்தால் செல்வி நீக்கியிருக்கிறார். இல்லையென்றால் குமார் சேர்த்திருக்கிறார். எது புதியது என்பதைவிட, எங்கே பிரிந்தார்கள் என்பதே முக்கியம்.

இருவரும் ஒரே வரியை வெவ்வேறாக மாற்றியிருந்தால் கிட் ஊகிக்காது. இரண்டு வடிவங்களையும் குறியிட்டுக் காட்டி நின்றுவிடும். இதுதான் ‘கான்ஃபிளிக்ட்’ எனப்படும் மோதல், தீர்ப்பு மனிதர்களுடையது.

மோதல் வராவிட்டாலும் நிம்மதி அடைந்துவிட முடியாது. ஒருவர் ஒரு செயல்கூற்றின் பெயரை மாற்றியிருப்பார். மற்றவர் வேறொரு கோப்பில் பழைய பெயரிலேயே அதை அழைத்திருப்பார். கிட் முணுமுணுக்காமல் இணைத்துவிடும், நிரல் ஓடாது. கிட் ஒப்பிடுவது வரிகளைத்தான், அவற்றின் பொருளை அல்ல. அதனால்தான் மெர்ஜ் முடிந்ததும் சோதனைகளை ஓட்டிப் பார்ப்பதை நல்ல குழுக்கள் வழக்கமாக வைத்திருக்கின்றன.