ஊசி குத்தினால் வலி போகுமா? பதற்றம் குறையுமா? சங்கரன்கோவிலில் ஒரு முதுகுவலிக்காரியின் அனுபவம்

"மாத்திரையை எல்லாம் தூக்கிப் போட்டுருங்க. உடம்பு தன்னைத் தானே சரி பண்ணிக்கும்."

இதைச் சொன்னவர் அப்போது என் மணிக்கட்டில் மூன்று விரலை வைத்து நாடி பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையில் ஒரே ஒரு புள்ளியை அரை நிமிடம் தொட்டார். அவ்வளவுதான் சிகிச்சை. ஊசி இல்லை, மருந்து இல்லை, பத்தியம் கொஞ்சம் உண்டு. வாங்கிய பணமும் கம்மிதான்.

எனக்கு மூன்று வருடமாக இடுப்பு வலி, கூடவே கழுத்து வலி. வீட்டிலிருந்தே டெஸ்க் வேலை, நாளுக்குப் பத்து மணி நேரம் லேப்டாப். ஸ்கேனில் பெரிதாக ஒன்றும் இல்லை என்று எலும்பு டாக்டர் சொல்லிவிட்டார். ஒன்றும் இல்லையென்றால் ஏன் வலிக்கிறது என்ற கேள்வியே ராத்திரித் தூக்கத்தைக் கெடுக்க ஆரம்பித்தது. நெஞ்சு படபடப்பு, மூச்சு முட்டுவது போன்ற உணர்வு. திருநெல்வேலியில் ஒரு மனநல மருத்துவர் பதற்றத்துக்கு எஸ்சிட்டலோபிராம் கொடுத்தார். எட்டு மாதமாக அதைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. முதலில் கோமதி அம்மன் சன்னதிக்குக் கூட்டிப்போய், முன்னால் இருக்கிற சக்கரத்தின் மேல் உட்கார வைத்தார். மனக்கோளாறு உள்ளவர்கள் அதில் உட்கார்ந்து வேண்டிக்கொண்டால் சரியாகும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. உட்கார்ந்தேன். அந்தக் கால் மணி நேரம் நிம்மதியாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். அடுத்ததாகத்தான் அக்குபங்சர். "ஏட்டி, ஒருக்க போய்த்தான் பாரேன். விரலால தொடுறதுதானே, உசுரா போயிரும்?"

உயிர் போகவில்லை. ஆனால் அந்த மனிதர் சொன்னதைக் கேட்டு மாத்திரையை அன்றைக்கே நிறுத்தினேன்.

நான்காவது நாள் தலை சுற்றல். ஐந்தாவது நாள் தலையைத் திருப்பினால் உள்ளே சின்னதாக கரண்ட் ஷாக் அடிப்பது போல ஒரு வெட்டு. எட்டாவது நாள் ராத்திரி, காரணமே இல்லாமல் அழுதுகொண்டு மொட்டை மாடியில் நின்றேன். அவருக்கு போன் பண்ணினால் பதில் தயாராக இருந்தது: "கழிவு வெளியேறுதும்மா. நல்ல அறிகுறி."

இந்த 'கழிவு வெளியேற்றம்' என்ற வார்த்தையை நீங்களும் கேட்டிருப்பீர்கள். வலி குறைந்தால் சிகிச்சை வேலை செய்கிறது. கூடினால் கழிவு வெளியேறுகிறது, அதாவது அப்போதும் சிகிச்சை வேலை செய்கிறது. எப்படிப் பார்த்தாலும் தோற்கவே முடியாத வைத்தியம்!

மனநல மருத்துவரிடம் ஓடினேன். அவர் திட்டவில்லை. "இது புது வியாதியும் இல்ல, கழிவும் இல்ல. இந்த வகை மாத்திரையைத் திடீர்னு விட்டா வர்றது. நிறுத்தணும்னா நிறுத்தலாம், படிப்படியா நானே நிறுத்தித் தர்றேன்" என்றார். மறுபடி ஆரம்பித்ததும் சில நாளில் அடங்கியது.

அதற்குப் பிறகும் நான் அக்குபங்சருக்குப் போனேன். ஆம், வேறொரு இடத்துக்கு, வேறு மாதிரி. ஏன் என்று சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் பாடம்.

தொடுவதா, குத்துவதா?

தமிழ்நாட்டில் அக்குபங்சர் என்ற ஒரே போர்டுக்குப் பின்னால் குறைந்தது இரண்டு தொழில் நடக்கிறது. ஒன்று, சீனாவில் வளர்ந்த ஊசிச் சிகிச்சை. இதை இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர் கொல்கத்தாவைச் சேர்ந்த டாக்டர் பிஜய் குமார் பாசு. 1938-ல் டாக்டர் கோட்னிஸோடு சீனாவுக்குப் போன இந்திய மருத்துவக் குழுவில் இருந்தவர். 1950களின் கடைசியில் மறுபடி அங்கே போய்க் கற்று வந்தார். இன்னொன்று, நம்மூரில் பரவலாக இருக்கிற தொடு சிகிச்சை. நாடி பார்த்து ஒரு புள்ளியை விரலால் தொடுவது. சிலர் வர்மத்தையும் இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள். வர்மம் சித்த மருத்துவத்தைச் சேர்ந்தது, அது தனிக் கதை.

இந்த வித்தியாசம் ஏன் முக்கியம்? 'அக்குபங்சர் விஞ்ஞானபூர்வமாக நிரூபிக்கப்பட்டது' என்று வாட்ஸ்அப்பில் வருகிற செய்திகளுக்குப் பின்னால் இருக்கிற பெரிய ஆய்வுகள் ஊசி வைத்து நடந்தவை. அந்த முடிவுகளை விரலால் தொடுகிற சிகிச்சைக்குக் கடன் வாங்க முடியாது.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

ஒரே ஒரு ஆய்வை மட்டும் நிதானமாகப் பார்ப்போம், விஷயம் முழுக்க அதில் இருக்கிறது.

ஜெர்மனியில் நாள்பட்ட இடுப்பு வலி உள்ள 1,162 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். முதல் குழுவுக்கு முறையான அக்குபங்சர். இரண்டாவது குழுவுக்குப் பொய் அக்குபங்சர்: புள்ளியே இல்லாத இடத்தில் மேலோட்டமாக ஊசி. மூன்றாவது குழுவுக்கு வழக்கமான மாத்திரை, பிசியோதெரபி, உடற்பயிற்சி. ஆறு மாதம் கழித்துக் கணக்குப் பார்த்தார்கள். 2007-ல் முடிவு வெளியானது. முறையான ஊசியில் 47.6 சதவீதம் பேருக்கு நல்ல முன்னேற்றம். பொய் ஊசியில் 44.2 சதவீதம். வழக்கமான சிகிச்சையில் 27.4 சதவீதம்.

திரும்ப ஒருமுறை படியுங்கள். ஊசி குத்திக்கொண்டவர்கள் மாத்திரைக்காரர்களை விட நன்றாக இருந்தார்கள். ஆனால் ஊசி எங்கே குத்தப்பட்டது என்பது கிட்டத்தட்டப் பொருட்டே இல்லை!

அப்படியானால் வேலை செய்தது எது? ஊசி எங்கே பட்டாலும் நரம்பு தூண்டப்படுகிறது. 2010-ல் அமெரிக்காவின் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் எலிகளுக்கு ஊசி குத்தியபோது, அந்த இடத்தில் வலியைக் குறைக்கும் அடினோசின் என்ற பொருள் கூடியது. இது ஒரு பக்கம். அரை மணி நேரம் போனைத் தொடாமல் படுத்திருப்பது, ஒருவர் நம் வலியைப் பற்றிப் பொறுமையாகக் கேட்பது, சரியாகிவிடும் என்ற எதிர்பார்ப்பு, இதெல்லாம் இன்னொரு பக்கம். எது எவ்வளவு என்ற சண்டை இன்னும் முடியவில்லை.

39 ஆய்வுகளில் இருந்த 20,827 நோயாளிகளின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்த 2018-ம் ஆண்டு அலசலும் ஏறக்குறைய இதே படத்தைத்தான் காட்டியது. முதுகு, கழுத்து, மூட்டுத் தேய்மானம், தலைவலி ஆகியவற்றில் ஊசிக்கும் பொய் ஊசிக்கும் வித்தியாசம் உண்டு, ஆனால் சின்னது. ஊசியே இல்லாதவர்களோடு ஒப்பிட்டால் வித்தியாசம் பெரிது. கிடைத்த பலனில் பெரும்பகுதி ஒரு வருடம் வரை நின்றது.

இந்த ஊசலாட்டம் அரசு வழிகாட்டிகளிலும் தெரிகிறது. இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2009-ல் இடுப்பு வலிக்கு அக்குபங்சரைப் பரிந்துரைத்தது, 2016-ல் வேண்டாம் என்றது. பிறகு 2021-ல், தெளிவான காரணம் தெரியாத நாள்பட்ட வலிக்கு ஒரு சுற்று முயன்று பார்க்கலாம் என்றது. அதே வழிகாட்டி, இந்த மாதிரி வலிக்குப் பாராசிட்டமால் போன்ற மாத்திரைகளைப் புதிதாக ஆரம்பிக்க வேண்டாம் என்றும் சொல்கிறது. டிராயரில் வலி மாத்திரை அட்டை வைத்திருப்பவர்கள் கவனிக்க.

பதற்றத்துக்கு?

இங்கே சான்று மெலிந்துவிடுகிறது. ஆய்வுகள் இருக்கின்றன, பலதும் சின்னவை, செய்த முறையும் திருப்தியாக இல்லை. அறுவை சிகிச்சைக்கு முந்தைய படபடப்புக்குக் காதில் ஊசி வைப்பது கொஞ்சம் உதவுகிறது என்பது போலச் சில முடிவுகள் உண்டு. மாதக்கணக்கில் விடாமல் வருகிற பதற்றத்துக்கு உளவியல் சிகிச்சையும் மாத்திரையும்தான் இன்றைக்கும் முன்னால் நிற்கின்றன.

ஆனால் வலியும் பதற்றமும் ஒன்றையொன்று ஊட்டி வளர்ப்பவை. மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் அது நாள்பட்ட வலி. அந்தக் கட்டத்தில் காயம் ஆறியிருந்தாலும் நரம்பு மண்டலம் அலாரத்தை அணைக்க மறந்திருக்கலாம். தூக்கம் கெட்டால் வலி கூடும், வலி கூடினால் பயம் கூடும், பயத்தில் உடம்பை அசைக்காமல் வைத்தால் மறுபடி வலி. இந்த வளையத்தில் எங்கேயாவது ஒரு இடத்தில் கை வைக்க முடிந்தால் மற்றதும் கொஞ்சம் தளரும்.

ஊசி அனுபவம்

இரண்டாவது முறை நான் போனது யோகா, இயற்கை மருத்துவத்தில் ஐந்தரை வருடம் படித்துப் பதிவு செய்த ஒரு டாக்டரிடம். அவர்கள் பாடத்திட்டத்திலேயே அக்குபங்சர் இருக்கிறது. முதல் கேள்வியே "என்னென்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" என்பதுதான். பெயர்களை எழுதிக்கொண்டு, "எதையும் நிறுத்த வேண்டாம்" என்றார். கால் மரத்துப்போகிறதா, சிறுநீர் அடக்க முடியாமல் போகிறதா, எடை குறைகிறதா, காய்ச்சல் உண்டா என்று கேட்டார். இதில் எதற்காவது ஆமாம் என்றால் ஊசிப் பக்கமே போகக்கூடாது, நேராக ஆஸ்பத்திரிதான்.

காத்திருக்கும் அறையில் என்னைத் தவிர எல்லாரும் விசைத்தறிக்காரர்கள். பன்னிரண்டு மணி நேரம் நின்று, நூல் அறுந்தபோதெல்லாம் குனிந்து முடிச்சுப் போடுகிற தோள்களும் இடுப்புகளும். "லேப்டாப் பாத்தா முதுகு வலிக்குமாம்மா?" என்று ஒரு அண்ணன் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார்.

ஊசி கால் மில்லிமீட்டர் தடிமன், ரத்தம் எடுக்கிற ஊசியில் மூன்றில் ஒரு பங்குதான். சீல் பிரித்த புது ஊசி. நுழையும்போது எறும்புக்கடி, பிறகு உள்ளே ஒரு கனமான இழுப்பு. முழங்காலின் பின்மடிப்பில், இடுப்பில், பிடரிக்குக் கீழே என எட்டு ஊசி. இருபத்தைந்து நிமிடம் கவிழ்ந்து படுத்திருந்ததில் இரண்டாவது நாளே தூங்கிப்போனேன்.

வாரம் இரண்டு, மொத்தம் பத்து முறை. ஒரு முறைக்கு 400 ரூபாய். நான்கு முறை வரை ஒரு மாற்றமும் இல்லை, விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். பத்தாவது முடிந்தபோது பத்துக்கு ஏழாக இருந்த இடுப்பு வலி நான்காகியிருந்தது. கழுத்து அப்படியேதான் இருக்கிறது. தூக்கம் பரவாயில்லை. பதற்றம் குறைந்தது ஊசியாலா, மாத்திரையாலா, அதே டாக்டர் வற்புறுத்தி ஆரம்பிக்க வைத்த காலை நடையாலா என்று கேட்டால் என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

போவதற்கு முன் பார்க்க வேண்டியது

அக்குபங்சரை ஒரு சிகிச்சை முறையாகச் செய்யலாம் என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2003-ல் உத்தரவிட்டது; 2019-ல் தனி மருத்துவ முறையாக ஏற்றது. மேற்கு வங்கத்தில் 1996-லேயே சட்டம் வந்துவிட்டது, மகாராஷ்டிராவிலும் தனிக் கவுன்சில் உண்டு. தமிழ்நாட்டில் அப்படி ஒன்று இல்லை. ஆகவே, சில மாத டிப்ளமோ முடித்தவரும் டாக்டர் பட்டம் பெற்றவரும் ஒரே தெருவில் ஒரே போர்டு வைக்கலாம். என்ன படித்தீர்கள், எந்தக் கவுன்சிலில் பதிவு என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், கர்ப்பிணிகள், பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மேல் முதுகில் ஆழமாகக் குத்தினால் நுரையீரலில் ஓட்டை விழுவது அபூர்வம், ஆனால் நடந்திருக்கிறது. அதைவிடப் பெரிய ஆபத்து ஊசியில் இல்லை. 2024 பிப்ரவரியில் திருவனந்தபுரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் வீட்டிலேயே நடந்த பிரசவத்தில் தாயும் குழந்தையும் இறந்தார்கள். சிகிச்சை அளித்த அக்குபங்சர்காரர் கைதானார். இன்சுலினை நிறுத்து, பிரஷர் மாத்திரையை நிறுத்து, ஸ்கேன் வேண்டாம் என்று யாராவது சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். நான் எட்டு நாள் லேட்.

பதற்றம் தாங்க முடியாமல், உயிரோடு இருக்க வேண்டுமா என்கிற மாதிரி யோசனை வந்தால் 14416-க்கு அழையுங்கள். டெலி-மானஸ் என்ற அரசு சேவை. இலவசம், இருபத்து நான்கு மணி நேரமும் தமிழில் பேசலாம். அந்த மொட்டை மாடி ராத்திரியில் எனக்கு இந்த எண் தெரியாது.

அம்மாவுக்கு இப்போது முழங்கால் வலி. அடுத்த செவ்வாய்க்கிழமை அதே டாக்டரிடம் அப்பாயின்ட்மென்ட் வாங்கியிருக்கிறேன். வரும்போது சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரைச் சீட்டை எல்லாம் மறக்காமல் எடுத்துவரச் சொன்னார்கள்.