வெயிலின் கணக்கு – 7: கடைசி யூனிட்டின் விலை

வெயிலைக் கூரையிலும் சுவரிலுமே தடுத்துவிடும் ஒரு வீடு, அதைக் கட்டியவருக்கு ஆண்டுதோறும் எவ்வளவு பணத்தை மிச்சப்படுத்தும் என்ற கேள்விக்கு, கட்டடவியல் நூல்களைவிடத் தமிழ்நாட்டின் மின்கட்டண அட்டையே தெளிவான விடை தருகிறது. ஜெர்மனியின் டார்ம்ஷ்டாட் நகரில் 1991-இல் மக்கள் குடியேறிய, எந்திரத் துணை குறைந்த முதல் பாசிவ் வீடுகளும், குளிர்நாட்டுக்கென வகுக்கப்பட்ட அவற்றின் இலக்கணம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள, வெப்பமும் ஈரமும் மிகுந்த நெம்மேலிக் கடற்கரைக்கு அப்படியே பொருந்தாது என்பதும் முன்பே விளக்கப்பட்டவை. எந்திரத்தின் துணையைக் குறைத்து, அமைப்பினாலேயே குளிர்ந்திருக்கும் வீட்டை இத்தொடர் ‘இயல்குளிர் வீடு’ என்று வழங்கி வருகிறது. இவ்வாரம் சன்னல்களின் திசைக்கு உரியதென அறிவிக்கப்பட்டிருந்தாலும், கட்டண அட்டையில் உள்ள ஒரு செய்தியைத் தீர்க்காமல் சன்னலுக்குச் செல்வது முறையாகாது.

தமிழ்நாட்டில் வீடுகளின் மின் நுகர்வு இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை கணக்கெடுக்கப்படுகிறது. ஒரு யூனிட் என்பது ஆயிரம் வாட் திறனுள்ள கருவி ஒரு மணி நேரம் ஓடினால் செலவாகும் மின்சாரம். 2022 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்த கட்டணத்தின்படி எல்லா வீடுகளுக்கும் முதல் 100 யூனிட் இலவசம். 500 யூனிட்டுக்குள் நின்றுவிடும் வீட்டுக்கு அடுத்த 100 யூனிட் ஒவ்வொன்றும் 2 ரூபாய் 25 காசு, 201 முதல் 400 வரை 4 ரூபாய் 50 காசு, 401 முதல் 500 வரை 6 ரூபாய். 500-ஐத் தாண்டிய வீட்டுக்கு வேறொரு அட்டவணை விரிகிறது: 101 முதல் 400 வரை முழுவதற்கும் 4 ரூபாய் 50 காசு, 401 முதல் 500 வரை 6 ரூபாய், அடுத்த நூறுக்கு 8 ரூபாய், 601 முதல் 800 வரை 9 ரூபாய், 801 முதல் 1,000 வரை 10 ரூபாய், அதற்கு மேல் 11 ரூபாய். 2024 ஜூலையில் விகிதங்கள் உயர்ந்தபோதும் இந்த அடுக்கு முறை குலையாததால், கணக்கை எளிதாக்கும் 2022 விகிதங்களே இங்கே கையாளப்படுகின்றன.

இந்த இரு அட்டவணைகளையும் அருகருகே வைத்துக் கூட்டும்போதுதான் வியப்பு பிறக்கிறது. சரியாக 500 யூனிட் செலவிட்ட வீடு 1,725 ரூபாய் கட்டுகிறது. 501 யூனிட் செலவிட்ட வீடு 1,958 ரூபாய் கட்டுகிறது. அந்த ஒரே ஒரு யூனிட், தன் விலையான 8 ரூபாயோடு, முன்னர் மலிவாகக் கிடைத்த நூறு யூனிட்டின் சலுகையையும் பறித்துக்கொண்டு 233 ரூபாயாக வந்து நிற்கிறது. மேலும் ஏறி 800 யூனிட்டை எட்டும் வீட்டின் கட்டணம் 4,550 ரூபாய். அந்த வீட்டுக்காரர் தம் மின்சாரத்தின் விலை என்னவென்று சராசரி பார்த்தால் யூனிட்டுக்கு 5 ரூபாய் 69 காசு என்றே காண்பார். அவர் அந்த 800-ஐ 500-ஆகக் குறைத்தால் மிச்சமாவது 2,825 ரூபாய், அதாவது குறைத்த ஒவ்வொரு யூனிட்டுக்கும் 9 ரூபாய் 42 காசு. செலவைக் குறைப்பவர் தம் நுகர்வின் அடியிலிருந்து யூனிட்டை உருவுவதில்லை, உச்சியிலிருந்தே கழிக்கிறார் என்பதால், மிச்சமாகும் யூனிட் எப்போதும் வாங்கியவற்றுள் மிக விலையுயர்ந்த யூனிட்டாகவே இருக்கிறது. இயல்குளிர் வீட்டின் ஆதாயத்தைச் சராசரி விலையால் பெருக்கிச் சொல்பவர்கள், அதை ஆதரிப்பவர்களாயினும் மறுப்பவர்களாயினும், இந்த வீட்டைப் பொறுத்தவரை உண்மை ஆதாயத்தில் ஐந்தில் இரண்டு பங்கைக் கண்ணில் படாமல் விட்டுவிடுகிறார்கள்.

அந்த உச்சி யூனிட்டுகள் எங்கிருந்து வருகின்றன என்பது அடுத்த கேள்வி. மின்விசிறி, குளிர்பதனப் பெட்டி, மிக்ஸி, தண்ணீர் மோட்டார் ஆகியவை ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒரே அளவில் ஓடுபவை. படுக்கையறையில் ஒரு ஏசி இரவுக்கு எட்டு மணி நேரம் ஓடி, மணிக்குச் சராசரியாக ஒரு யூனிட் செலவிட்டால், அறுபது இரவுகளில் 480 யூனிட் ஆகிறது. ஏசி இல்லாமல் 320 யூனிட் செலவிட்டுக்கொண்டிருந்த ஒரு நடுத்தரக் குடும்பம், சித்திரை வைகாசியில் ஒரே எட்டில் 800-க்குப் போய்விடும் வழி இதுதான். ஆகவே இயல்குளிர் வீடு போட்டியிட வேண்டியது ஏசி ஓடும் நேரத்தோடும் அதன் மேல் விழும் பாரத்தோடும் மட்டுமே. மற்றக் கருவிகளுக்கு நட்சத்திரக் குறி பார்த்து வாங்குவதே போதுமான பரிகாரம்.

ஏசியின் பாரத்தில் பெரும்பங்கு, தரைத்தளத்தோடு நின்றுவிடும் தனி வீடுகளில், கூரையின் வழியாக இறங்குகிறது. ஒரு சதுர மீட்டர் பரப்பின் இருபுறத்துக்கும் ஒரு டிகிரி வெப்பநிலை வேறுபாடு இருக்கும்போது அதன் ஊடே கடந்து செல்லும் வெப்பத்தை வாட்டில் அளந்து சொல்வது ‘வெப்பக் கடப்பு எண்’ எனப்படும். ஆறங்குலக் கான்கிரீட் தளம் எந்தக் காப்பும் இல்லாமல் கிடந்தால் இந்த எண் 3-க்கு மேல் இருக்கிறது; இந்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் குடியிருப்புகளுக்காக 2018 டிசம்பரில் வெளியிட்ட ‘ஈகோ நிவாஸ் சம்ஹிதா’ என்னும் நெறித்தொகுப்பு கூரைக்கு இந்த எண் 1.2-ஐத் தாண்டக்கூடாது என்கிறது. நூறு சதுர மீட்டர், அதாவது ஆயிரத்துச் சொச்சம் சதுரடிக் கூரையில், வெயிலின் சூட்டையும் சேர்த்து வெளிக்கும் உள்ளுக்கும் 25 டிகிரி வேறுபாடு நிலவும் உச்சிப் பொழுதில், எண் 3.2 என்றால் 8,000 வாட் வெப்பமும் 1.2 என்றால் 3,000 வாட் வெப்பமும் உள்ளே இறங்கும். இடையிலுள்ள 5,000 வாட் என்பது ஒன்றரை டன் ஏசி ஒன்று தன் முழுத் திறனையும் செலவிட்டு வெளியேற்றும் வெப்பத்துக்கு ஏறத்தாழ நிகர். கான்கிரீட் சூட்டை வாங்கிச் சில மணி நேரம் தாமதித்தே உள்ளே விடுவதால், நண்பகல் வெயிலின் சூடு மாலையிலும் இரவிலும் படுக்கையறைக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது. கடற்காற்று வீசிக்கொண்டிருக்கும்போதும் இக்கடற்கரை வீடுகளில் மக்கள் சன்னலைச் சாத்திவிட்டு ஏசியைப் போடுவதற்குக் காரணம் மேலே கனன்றுகொண்டிருக்கும் அந்தத் தளமே.

3.2-ஐ 1.2-க்குக் கொண்டுவர என்ன செய்ய வேண்டும் என்று கணக்கிட்டால் கிடைக்கும் விடை நம்ப முடியாத அளவுக்குச் சிறியது: தெர்மாகோல் வகையைச் சேர்ந்த, கட்டடத்துக்கென அடர்த்தியாகச் செய்யப்பட்ட காப்புத் தகடு ஓரங்குலத்துக்கும் குறைவான கனத்தில் போதும். தளத்தின் மேல் நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு, அதன்மேல் தகடு, அதன்மேல் சல்லிக் கலவை, எல்லாவற்றுக்கும் மேலே வெயிலைத் திருப்பியடிக்கும் வெள்ளை ஓடு என்ற வரிசை பிசகாமல் இருக்க வேண்டும் என்பதே முக்கியம். முற்காலத்துக் கொத்தனார்கள் தகடு இல்லாமலே இதன் ஒரு பகுதியைச் சாதித்தார்கள். மரச் சட்டங்களின் மேல் செங்கல்லைக் குத்துவாட்டில் அடுக்கிச் சுண்ணாம்பில் கட்டிய மெட்ராஸ் டெரஸ் கூரையில், செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த மேற்பரப்பைக் கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் தெளித்து நாள்கணக்கில் கட்டையால் தட்டி இறுக்கி, மேலே தட்டோடு பதித்தார்கள். நெம்மேலிக்கு வடக்கே முட்டுக்காட்டில் 1996-இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவில், லாரி பேக்கரின் வடிவமைப்பிலான வளாகத்துக்குள் பெயர்த்தெடுத்து நிறுவப்பட்டிருக்கும் தென்னக வீடுகளின் திண்ணையிலும் முற்றத்திலும் நண்பகலில் நின்று பார்ப்பவர்க்கு, இந்த அறிவு எங்கும் போய்விடவில்லை என்பது தெரியும். கட்டுமானச் செலவைக் குறைப்பதாக எண்ணி முதலில் வெட்டப்படும் வேலை இன்று தட்டோடாகவே இருப்பது வருந்தத்தக்கது.

கூரையைப் பற்றிப் பேசும்போது, இதே கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே சென்றால் வரும் புதுச்சேரியின் கோல்கொண்டாவைக் கடந்து செல்ல இயலாது. அரவிந்தர் ஆசிரமத்தின் தங்குமிடமாக 1937-இல் கட்டத் தொடங்கப்பட்ட இக்கட்டடத்தைச் செக் நாட்டில் பிறந்து ஜப்பானில் பணியாற்றிய அன்டோனின் ரேமண்ட் வடிவமைத்தார். பிரான்டிஷெக் சாமர், ஜார்ஜ் நகாஷிமா இருவரும் களத்தில் நின்று கட்டினார்கள். ஹைதராபாத் திவான் சர் அக்பர் ஹைதரி வழியாகக் கிடைத்த நன்கொடையால் எழுந்தமையால் அந்தப் பெயர். நீண்ட பக்கங்கள் இரண்டும் வடக்கையும் தெற்கையும் நோக்க, சுவர் இருக்க வேண்டிய இடத்தில் வேண்டியபடி திறந்து மூடும் கிடைமட்டத் தகடுகள் வரிசையாக நிற்கின்றன. தளத்துக்கு மேலே காற்று ஓட இடைவெளி விட்டு வளைந்த கான்கிரீட் ஓடுகள் இரண்டாம் கூரையாக அமைகின்றன. ஜப்பானியப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்த நகாஷிமா இந்தப் பணிக்காக வந்து, ஆசிரமவாசியாகிச் சுந்தரானந்தா என்ற பெயர் பெற்று, அறைகளுக்கான மரச்சாமான்களையும் வடிவமைத்தார். பின்னாளில் அமெரிக்காவின் மிகச் சிறந்த மரக்கலைஞர்களில் ஒருவராக அவர் போற்றப்பட்டதற்கு வித்து இந்தக் கடற்கரையில் விழுந்தது என்பதைத் தமிழ் வாசகர் அறிந்திருப்பது நல்லது. எண்பது ஆண்டுகளாகக் காற்றோட்டத்தையே நம்பி மனிதர் வாழும் அந்தக் கட்டடம், மின்கட்டணம் என்ற வாதம் எழுவதற்கு முன்பே அந்த வாதத்தில் வென்றுவிட்டது.

இனி வட்டிக் கணக்கு. மார்ச் முதல் ஆகஸ்ட் வரை வரும் மூன்று கட்டண முறைகளில் 800 யூனிட்டை 500-ஆகவும், மற்ற மூன்றில் 500-ஐ 400-ஆகவும் ஒரு வீடு குறைத்துக்கொண்டால், முதல் மூன்றில் 8,475 ரூபாயும் அடுத்த மூன்றில் 1,800 ரூபாயும் சேர்ந்து ஆண்டுக்கு 10,275 ரூபாய் மிச்சமாகிறது. வீட்டுக் கடனோடு சேர்த்து ஒரு லட்சம் ரூபாயை எட்டரை விழுக்காடு வட்டியில் இருபது ஆண்டுகளுக்கு வாங்கினால் மாதத் தவணை ஏறத்தாழ 868 ரூபாய், ஆண்டுக்கு 10,416 ரூபாய். இரண்டும் கிட்டத்தட்டச் சமன் என்பதால், இத்தகைய குடும்பம் ஆயிரம் சதுரடி வீட்டில் வெயிலைத் தடுப்பதற்கென்றே சதுரடிக்கு 100 ரூபாய் வரை கூடுதலாகக் கடன் வாங்கிச் செலவிடலாம். தவணையை மின்வாரியத்துக்குக் கட்டாத பணமே கட்டிவிடும். வட்டி விகிதம் மாறாதவரை தவணை இருபது ஆண்டுக்கும் அப்படியே நிற்க, கட்டண விகிதம் 2022-க்குப் பிறகும் ஏறியிருப்பதால், முதல் ஆண்டில் சமமாகத் தொடங்கும் கணக்கு வரவர வீட்டுக்காரர் பக்கமே சாயும். அந்த எல்லையை மீறி, மூன்றடுக்குக் கண்ணாடியும் காற்றுப்புகா அடைப்புமாக ஐரோப்பிய முறையை நகலெடுப்பவர் பணத்தை மீட்க முடியாது.

நெம்மேலிக்கென்றே ஒரு வரவு இதில் இன்னும் சேர்க்கப்படவில்லை. கடலிலிருந்து உப்பைச் சுமந்து வரும் காற்று, வெளியே மாட்டப்பட்ட ஏசிப் பெட்டியின் செம்புக் குழாயையும் அலுமினியத் தகடுகளையும் அரித்துவிடுவதால், கடலை விட்டு விலகிய ஊர்களில் நெடுநாள் உழைக்கும் எந்திரம் கரையோரத்தில் முன்னதாகவே பழுதாகிறது. இரண்டு ஏசி தேவைப்படும் வீடு ஒன்றோடு நின்றால், வாங்கும் விலை மட்டுமன்றி, மீண்டும் மீண்டும் மாற்றும் விலையும் மிச்சம்.

எனினும் இந்த ஆதாயம் எல்லோருக்கும் ஒரே அளவில் கிடைப்பதில்லை என்பதை மறைப்பது நேர்மையாகாது. இரண்டு மாதத்துக்கு 200 யூனிட் செலவிடும் குப்பத்து வீடு கட்டுவது 225 ரூபாய். அதன் செலவைப் பாதியாகக் குறைத்தாலும் மிச்சம் அவ்வளவே. வெயிலால் மிக அதிகமாக வருந்துபவருக்குக் கட்டண அட்டை மிகக் குறைவான பரிசைத் தருகிறது. அவர்களின் கூரையைக் குளிரச் செய்வதற்கான செலவைத் தனியார் சேமிப்புக் கணக்கில் தேடாமல், அரசு ஏற்க வேண்டிய பொதுச் செலவாகக் கருதுவதே சரி. அவர்கள் ஏசி வாங்காதவரை மானிய மின்சாரத்தின் தேவையும் ஏறாது என்பதால் அரசுக்கும் அது இழப்பன்று. கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள் இயங்கும் நெம்மேலியில் மின்சாரத்தின் அருமையை எடுத்துச் சொல்லத் தேவையில்லை. எதிர்ச் சவ்வூடு முறையில் கடல்நீரிலிருந்து ஆயிரம் லிட்டர் நன்னீர் எடுக்கவே மூன்று முதல் நான்கு யூனிட் வரை செலவாகிறது.

சன்னல் அடுத்த வாரத்துக்குத் தள்ளிப் போகிறது. ஏப்ரல் நான்காம் வாரம் முதல் ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை நெம்மேலியில் நண்பகல் சூரியன் தலைக்கு வடக்கே நிற்கிறது. அக்கினி நட்சத்திரத்தில் நிழலற்றுப் போவது வடக்குச் சுவரே என்பதை அறியாமல், தெற்குச் சன்னலுக்கு மட்டும் சன்ஷேடு வைத்து வடக்கைத் திறந்துவிடும் வீடுகளின் கணக்கு அதில் விரிவாகப் பார்க்கப்படும்.

(தொடரும்)