மகப்பேற்று ஊதியம்: ஞாயிற்றுக்கிழமைக்கும் கணக்கு உண்டு



பிள்ளையைச் சுமப்பதிலும் ஈன்றெடுப்பதிலும் தாய் படும் துன்பத்தைத் திருமறை நமக்கு நினைவூட்டுகின்றது. பணிபுரியும் தாய்க்கு அக்காலத்தில் ஊதியத்துடன் ஓய்வளிக்க நம் நாட்டில் சட்டமும் உண்டு. 1961ஆம் ஆண்டு இயற்றப்பட்ட மகப்பேற்று உதவிச் சட்டத்தின் விதிகள், 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் இடம்பெற்றுள்ளன. சட்டம் இருப்பதைப் பலர் அறிவர்; கணக்கை அறிந்தோர் சிலரே. கணக்கறியாதவர் கொடுத்ததைப் பெற்றுக்கொண்டு மௌனமாகத் திரும்ப நேரிடும்.

தொழிற்சாலைகள், தோட்டங்கள், பத்துப் பேருக்குக் குறையாமல் பணிபுரியும் கடைகள், நிறுவனங்கள் ஆகியவற்றுக்கு இச்சட்டம் பொருந்தும். பிரசவம் எதிர்பார்க்கப்படும் நாளுக்கு முந்தைய 12 மாதங்களில் 80 நாட்களேனும் அங்கு வேலை செய்திருக்க வேண்டும். முதலிரு பிரசவங்களுக்கு 26 வாரங்கள். ஏற்கெனவே இரு பிள்ளைகளோ அதற்கு மேலோ இருப்பின் 12 வாரங்கள். ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் உள்ளோர் இவ்வுதவியை அத்திட்டத்தின் வழியே பெறுவர். அங்கு கணக்கிடும் முறை வேறு.

இனிக் கணக்கைப் பாருங்கள். விடுப்பில் செல்வதற்கு முந்தைய மூன்று மாதங்களில், வேலை செய்த நாட்களுக்குரிய கூலியைக் கூட்டி, அந்நாட்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். 75 நாட்கள் உழைத்து 75,000 ரூபாய் ஈட்டியவரின் சராசரி நாட்கூலி 1,000 ரூபாய். நோயினால் சம்பளமின்றிச் சில நாட்கள் வராதிருந்தாலும் அந்தச் சராசரி குறையாது. வராத நாட்கள் வகுத்தலில் சேர்வதில்லை.

வகுப்பது வேலை நாட்களால். பெருக்குவதோ அனைத்து நாட்களாலும்! 26 வாரம் என்பது 182 நாட்கள். ஆகவே அவருக்குரியது 1,82,000 ரூபாய். ஞாயிற்றுக்கிழமைகளை நீக்கினால் 1,56,000 ரூபாயே கிடைக்கும். 26,000 ரூபாய் இழப்பு.

இந்த ஐயம் முன்னரே எழுந்தது. 12 வார விடுப்பு வழங்கப்பட்ட காலத்தில், தோட்டத் தொழிலாளியான ஒரு பெண்ணுக்கு ஞாயிறுகளை விலக்கி 72 நாட்களுக்கே பணம் தரப்பட்டது. கோவைத் தொழிலாளர் நீதிமன்றம் வரை சென்ற அவ்வழக்கு உச்சநீதிமன்றத்தை எட்டியது. வாரம் என்பது ஏழு நாட்களே என்று 1977இல் அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

சகோதரிகளே, மூன்று மாதச் சம்பளச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். விடுப்புக் கோரிக்கையை எழுத்து மூலம் கொடுங்கள். பிரசவத்திற்கு முந்தைய காலத்துக்குரிய தொகையைக் கர்ப்பச் சான்று காட்டி முன்கூட்டியே பெறலாம். எஞ்சியதைப் பிரசவச் சான்று அளித்த 48 மணி நேரத்திற்குள் தர வேண்டும்.

தொழில் நடத்தும் சகோதரர்களே! அளவையில் குறைப்போரை எச்சரிக்கவே திருமறையில் 'முதஃப்பிஃபீன்' என ஓர் அத்தியாயம் அருளப்பட்டுள்ளது. தராசில் மட்டுமன்று, சம்பளப் பதிவேட்டிலும் அளவை உண்டு. ஒரு தாயின் ஞாயிற்றுக்கிழமைகளைக் குறைத்துச் சேர்க்கும் பணத்தில் என்ன பரக்கத் இருக்க முடியும்? கணக்கை நேர் செய்யுங்கள். மறுமையின் கணக்கு இலேசாகும், இன்ஷா அல்லாஹ்.