நான்கு சில்லும் இழுக்கும் கார். இரண்டு அளவில் டயர்

சென்ற ஆண்டுப் பாடசாலை விடுமுறையிலே, மாத்தளையிலிருந்து ரிவஸ்டன் மலைக்குக் குடும்பத்தோடு புறப்பட்டோம். ஏறிச் சென்றது உறவினர் ஒருவரின் பழைய யப்பானியக் கார். நான்கு சில்லுகளும் இழுக்கும் வகையைச் சேர்ந்தது. இரத்தோட்டை கடந்து ஏற்றம் தொடங்கியதும் எரிந்த எண்ணெயின் நாற்றம் மூக்கைத் துளைத்தது. கூரிய வளைவுகளில் மெல்லத் திருப்பும்போது, யாரோ பிரேக்கை மிதித்தாற்போல வண்டி தயங்கித் தயங்கி நின்றது. எஞ்சின் சூடேறிவிட்டது என்று எண்ணி, வழியோரத் தேநீர்க் கடையருகே நிறுத்தினோம்.

அங்கே தேநீர் அருந்திக்கொண்டிருந்தார் முதியவர் ஒருவர். தேயிலைத் தோட்டத்தில் நெடுங்காலம் லொறி ஓட்டியவராம். அவர் எஞ்சினைப் பார்க்கவே இல்லை. குனிந்து டயர்களைப் பார்த்தார். "என்னங்க தம்பி, நாலும் இழுக்கிற வண்டியாச்சே! முன்னுக்கு ஒரு சைசு, பின்னுக்கு ஒரு சைசு போட்டிருக்கீங்களே!" என்றார்.

உண்மைதான். பின் டயர்கள் இரண்டும் தேய்ந்துபோகவே, அதே அளவு கிடைக்காமல், சற்றே பெரியவற்றை வாங்கிப் பூட்டியிருந்தார் உறவினர். கடைக்காரரைக் குறை கூறுவதற்கில்லை. நான்கு சில்லும் இழுக்கும் வண்டி என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை.

முன்னே இருந்தது 215/60 ஆர் 16. பின்னே 215/65 ஆர் 16. முதல் எண் டயரின் அகலம், மில்லிமீற்றரில். அடுத்தது அந்த அகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு பக்கச்சுவரின் உயரம் என்பது. கடைசி எண் இரும்பு வளையத்தின் விட்டம், அங்குலத்தில். மாணவர்கள் தாளை எடுத்துப் பெருக்கிப் பார்க்கலாம். முன் டயரின் விட்டம் ஏறத்தாழ 664 மி.மீ.; பின் டயரினது 686 மி.மீ. ஆகவே ஒரு சுற்றில் முன் டயர் 2,087 மி.மீ. ஓடும், பின் டயர் 2,155 மி.மீ. ஓடும். பாரத்தால் டயர் அமுங்குவதால் உண்மை அளவு சற்றுக் குறையுமாயினும், வேற்றுமை வேற்றுமையே. ஒரு கிலோமீற்றருக்கு முன் சில்லு சுமார் 15 சுற்று அதிகம் சுழல வேண்டும். மாத்தளையிலிருந்து ரிவஸ்டனுக்குச் சுமார் 30 கிலோமீற்றர் என்று கொண்டால் 450 சுற்று!

இந்த மிகைச் சுற்றுக்களை யார் தாங்குவது? முன் அச்சையும் பின் அச்சையும் இணைக்கும் உறுப்புத்தான். சில கார்களில் அது பற்சக்கரங்களாலானது. சிலவற்றில் எண்ணெயில் தோய்ந்த தட்டுக்கள். வேறு சிலவற்றில் கெட்டியான சிலிக்கோன் திரவம் நிறைந்த பெட்டி. வளைவிலே முன் சில்லுகள் பின் சில்லுகளைவிட அகன்ற வட்டத்தில் செல்வதால், சிறிது நேர வேற்றுமையைப் பொறுத்துக்கொள்ளவே அவை படைக்கப்பட்டன. நேர்வழியிலும் ஓயாது வேற்றுமை இருந்தால், உராய்ந்து, சூடேறி, ஈற்றில் இறுகிப்போகின்றன. நம்மை எட்டிய நாற்றம் அதுவே.

தோட்டங்களிற் பழகிய பழைய லாண்ட் றோவர்களில் இந்தத் தொல்லை குறைவு. நல்ல வீதியிலே பின் சில்லுகள் மாத்திரமே இழுக்கும். சேறு வந்தால் சாரதி மஞ்சள் குமிழை அழுத்துவார். முன் சில்லுகளும் சேர்ந்துகொள்ளும். சேற்றிலே சில்லு சற்று வழுக்குவதால் வேற்றுமை தானே தீர்ந்துவிடும். குமிழை விடுவிக்க மறந்து தார் வீதியில் ஓட்டினாலோ, அங்கும் இதே கதைதான்.

"வயலில் ஓடும் உழவு இயந்திரத்திற்கு முன் சில்லு சிறிது, பின் சில்லு பெரிது, நான்கும் இழுக்கும் வகைகூட உண்டே, அது எப்படி?" என்று நம் வீட்டுச் சிறுவன் மடக்கினான். நல்ல கேள்வி. கலேவெல, தம்புள்ளைப் பக்கத்து வயல்களில் அத்தகைய இயந்திரங்களைக் காணலாம். அங்கே சிறிய சில்லு விரைவாகச் சுழலும்படி பற்சக்கரங்களின் விகிதம் முன்கூட்டியே அமைக்கப்பட்டிருக்கிறது. முன் சில்லு நூற்றுக்கு ஒன்று முதல் ஐந்து பங்குவரை முந்தி இழுக்குமாறும் செய்திருப்பார்கள். அந்த விகிதத்தை அறியாமல் ஒரு சோடி டயரை மாத்திரம் மாற்றினால் உழவு இயந்திரமும் கெடும்.

மறுபக்கம், நிசான் ஜீ.ரீ.ஆர். என்னும் விரைவுக் காரைப் பாருங்கள். 2007இல் வெளிவந்த இதற்கும் நான்கு சில்லுகளும் இழுக்கும். முன்னே 255/40, பின்னே 285/35. வளையம் இரண்டிலும் 20 அங்குலம். பார்வைக்கு அளவு வெவ்வேறு. கணக்கிட்டாலோ விட்டம் 712 மி.மீ., 707.5 மி.மீ.; நூற்றுக்கு ஒன்றுகூட வேறுபாடில்லை. அகலம் வேறுபடலாம், ஒரு சுற்றில் ஓடும் தூரமே ஒத்திருக்க வேண்டும்.

நம்மவர்களுக்கு இதில் இன்னொரு கண்ணி உண்டு. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் திறந்தது. இடையிலே பழைய வண்டியைக் காப்பாற்றுவதே குடும்பங்களின் கவலை. நான்கு டயர் வாங்கக் காசில்லாமல் இரண்டு வாங்குவதும் வழக்கம். ஒரே அளவானாலும், புதிய டயரில் 8 மி.மீ. ஆழமுள்ள பள்ளங்கள் முற்றாகத் தேய்ந்ததில் 1.6 மி.மீ. தான். சுற்றளவில் அது 40 மி.மீ. வித்தியாசம். சுபாரு கார்களுக்குச் சொல்லப்படும் எல்லை கால் அங்குலம், அதாவது 6 மி.மீ. சொச்சம்!

அளந்தறிய யந்திரம் வேண்டாம். நான்கு டயரிலும் காற்றைச் சரிபார்த்து, டயரின் அடியில் தரையோடு சேர்த்து வெண்கட்டியால் ஒரு கோடிட்டு, ஒரு முழுச் சுற்று வண்டியைத் தள்ளி, மீண்டும் தரையிற் குறித்து அளந்தால் போதும். தேநீர்க் கடை முற்றத்தில் முதியவர் அவ்வாறே செய்து காட்டினார். பிள்ளைகள் நாடா பிடித்தார்கள். அன்று ரிவஸ்டனின் பனிமூட்டத்தை நாம் காணவில்லை. மெல்ல மெல்ல மாத்தளைக்கே இறங்கினோம். இணைப்புப் பெட்டியை மாற்றிய செலவு, நான்கு புதிய டயர்களின் விலையையும் விஞ்சியது.

அடுத்த விடுமுறைக்கு முன் உறவினர் மேலதிக டயரையும் வெளியே எடுத்து அளந்தார். அது பொம்மை போன்ற மெல்லிய சில்லு. பஞ்சரானால் ஆமை வேகத்தில் அடுத்த கராஜ்வரை செல்வதற்கு மாத்திரம். அதை இறக்கிவிட்டு, மற்ற நான்கோடும் ஒத்த ஐந்தாவது டயரொன்றைத் தேடி வாங்கிவைத்த பிறகே ரிவஸ்டன் பேச்சை எடுத்தார்.