மண்ணுக்கடியில் விரித்த கறுப்புப் பாய்

செல்லங்களே, ரயிலுக்காகக் காத்திருக்கும்போது நிலையத்தின் மஞ்சள் பலகையை உற்றுப் பார்த்திருக்கிறீர்களா? ஊர்ப் பெயருக்குக் கீழே, சின்ன எழுத்தில் ஓர் எண் இருக்கும். அந்த இடம் கடல் மட்டத்துக்கு மேல் எத்தனை மீட்டர் உயரம் என்பதைச் சொல்லும் எண் அது. மலை ரயில் ஏறும் மேட்டுப்பாளையம் சுமார் 330 மீட்டர். அது போய்ச் சேரும் உதகமண்டலமோ 2,200 மீட்டருக்கும் மேல்!

"தரைக்கு உயரம் இருக்கிறது, சரி. தரைக்குக் கீழே புதைந்து கிடக்கும் ஒன்றுக்கும் உயரம் உண்டா மாமா?" என்று உங்களில் ஒருத்தி கேட்கிறாள். சபாஷ்! நல்ல கேள்வி. வாருங்கள், நெய்வேலிக்குப் போய் விடை தேடுவோம்.

கடலூர் மாவட்டத்தில் இருக்கிறது நெய்வேலி. 1930களில் ஜம்புலிங்க முதலியார் என்பவர் அங்கே தம் நிலத்தில் கிணறு தோண்டினார். தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்தது. அதுதான் பழுப்பு நிலக்கரி. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மரஞ்செடிகள் மண்ணில் புதைந்து, அழுந்தி, கரியாக மாறிக் கிடந்தன.

1957இல் அங்கே சுரங்கம் வெட்டத் தொடங்கினார்கள். கரி கண்ணில் பட்டது எப்போது தெரியுமா? 1961இல்! நாலு வருடம் மண்ணை மட்டுமே அள்ளினார்கள். அவ்வளவு மண் மேலே மூடிக் கிடந்தது. அப்படியானால், கரி எங்கே இருக்கிறது, எவ்வளவு கீழே இருக்கிறது என்று தோண்டுவதற்கு முன்பே தெரிந்தால் எத்தனை நல்லது!

அந்தக் கரியை, மண்ணுக்கடியில் விரித்த ஒரு பெரிய கறுப்புப் பாயாக நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அது நேராக விரித்த பாய் அல்ல. ஒரு பக்கம் மெல்லச் சரியும். சில இடங்களில் 10 மீட்டர் தடிமன்கூட இருக்காது. சில இடங்களில் 20 மீட்டரைத் தாண்டும். மேலே நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. மாம்பழத்தின் தோலைப் பார்த்து, உள்ளே கொட்டை எப்படிக் கிடக்கிறது என்று சொல்ல முடியுமா? அதுபோலத்தான்.

பிறகு எப்படிக் கண்டுபிடிப்பது? துளை போட்டுத்தான்!

வீட்டில் புட்டு செய்வார்களே, பார்த்திருக்கிறீர்களா? குழலிலிருந்து தள்ளினால் மாவு, தேங்காய், மாவு, தேங்காய் என்று அடுக்கு அடுக்காக வெளியே வரும். பூமியில் ஆழமாகத் துளையிட்டு எடுக்கும் உருளையும் அப்படித்தான் இருக்கும். மேலே செம்மண், பிறகு மணல், களிமண், அதற்கும் கீழே கறுப்பாக நிலக்கரி. கரி எந்த ஆழத்தில் தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று அளந்து குறித்துக்கொள்வார்கள்.

இப்போது ஒரு சின்னப் புதிர். இந்த எண்கள் நான் கணக்குக்காகச் சொல்பவை.

முதல் துளையில் 70 மீட்டர் ஆழத்தில் கரி தட்டுப்படுகிறது. இரண்டாவது துளையில் 60 மீட்டரிலேயே தட்டுப்படுகிறது. எந்த இடத்தில் கரி கீழே இருக்கிறது?

"முதல் துளையில்தான்!" என்று கத்துகிறீர்கள். அவசரப்படாதீர்கள், கண்ணுகளா. முதல் துளை போட்டது ஒரு மேட்டின் மேல். அந்தத் தரை கடல் மட்டத்துக்கு மேல் 60 மீட்டர். இரண்டாவது துளை பள்ளத்தில். அங்கே தரை 50 மீட்டர். இப்போது கழித்துப் பாருங்கள். 60இல் 70 போனால் மைனஸ் 10. 50இல் 60 போனாலும் மைனஸ் 10. இரண்டு இடத்திலும் கரி ஒரே மட்டத்தில்தான் இருக்கிறது! கடல் மட்டத்துக்கு 10 மீட்டர் கீழே. மேடும் பள்ளமும் தரைக்குத்தான், பாய்க்கு இல்லை.

புரிந்ததா? தரையிலிருந்து அளப்பது ஆழம். கடல் மட்டத்திலிருந்து அளப்பது உயரம். ஆழத்தை மட்டும் வைத்துப் படம் வரைந்தால் தரையின் மேடுபள்ளம் உள்ளே புகுந்து ஏமாற்றிவிடும். அதனால்தான் எல்லாரும் ஒரே இடத்திலிருந்து அளக்க வேண்டும். நூறு வருடங்களுக்கும் முன்பே, அன்றைய இந்தியாவில் 9 கடலோர இடங்களில் கடல்நீர் ஏறி இறங்குவதை அளந்து, சராசரிக் கடல் மட்டத்தைக் கணக்கிட்டார்கள். அந்த ஒன்பதில் சென்னையும் நாகப்பட்டினமும் உண்டு!

சரி, துளை போட்ட இடத்தில் உயரம் தெரிந்துவிட்டது. துளைகளுக்கு நடுவே? அங்குலத்துக்கு அங்குலம் துளை போட முடியாதே! இங்கேதான் கணினி உதவிக்கு வருகிறது. அந்த முறைக்குப் பெயர் புவியியல் தகவல் முறைமை. சுருக்கமாக ஜி.ஐ.எஸ். என்பார்கள்.

கணினி முதலில் அந்த இடம் முழுவதையும் கணக்கு நோட்டைப் போலச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரிக்கும். பிறகு ஒவ்வொரு கட்டமும் தன் பக்கத்துத் துளைகளிடம், "உங்கள் உயரம் என்ன?" என்று கேட்கும்.

பள்ளி மணியை நினைத்துப் பாருங்கள். பக்கத்தில் நின்றால் காதைத் துளைக்கும். தூரப் போகப் போகச் சத்தம் குறையும். இங்கேயும் அதே கதைதான். பக்கத்துத் துளையின் பேச்சுக்கு மதிப்பு அதிகம். எட்டி இருப்பதன் பேச்சுக்கு மதிப்பு குறைவு. பலரும் பயன்படுத்தும் ஒரு விதி இது: தூரம் இரண்டு மடங்கானால், மதிப்பு கால் பங்காகிவிடும்.

ஒரு கட்டத்துக்கு 100 மீட்டர் தள்ளி உள்ள துளை "மைனஸ் 10" என்கிறது. 200 மீட்டர் தள்ளி உள்ள துளை "மைனஸ் 20" என்கிறது. முதல் துளைக்கு 4 ஓட்டு, இரண்டாவதுக்கு 1 ஓட்டு. கூட்டி ஐந்தால் வகுத்தால் மைனஸ் 12 வரும். நோட்டில் போட்டுப் பாருங்கள், நான் காத்திருக்கிறேன்!

இப்படி எல்லாக் கட்டங்களும் நிரம்பியதும், ஒரே உயரமுள்ள இடங்களைக் கோடு போட்டு இணைப்பார்கள். இதைச் சம உயரக் கோடு என்பார்கள். கோடுகள் நெருங்கி இருந்தால் பாய் அங்கே சட்டென்று சரிகிறது. விலகி இருந்தால் மெல்லச் சரிகிறது.

இனிமேல்தான் வேடிக்கை. கணினியில் மூன்று படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கலாம். ஒன்று தரையின் உயரம். 2005இல் இந்தியா அனுப்பிய கார்ட்டோசாட்-1 செயற்கைக்கோள், நம் இரண்டு கண்களைப் போல இரண்டு கேமராக்களால் பார்த்து இதை அளக்க உதவியது. இரண்டாவது, கரியின் மேற்பரப்பு. மூன்றாவது, கரியின் அடிப்பரப்பு. தரையில் மேற்பரப்பைக் கழித்தால், எவ்வளவு மண்ணை அள்ள வேண்டும் என்று தெரியும். மேற்பரப்பில் அடிப்பரப்பைக் கழித்தால், கரியின் தடிமன் தெரியும். மூன்றாம் வகுப்புக் கழித்தல்தான்!

கரிதானே வேண்டும், அதன் அடிப்பரப்பு எதற்கு என்று கேட்கிறீர்களா? நெய்வேலியில் அதற்கு ஒரு பெரிய காரணம் இருக்கிறது. கரிக்குக் கீழே நிலத்தடி நீர் மிகுந்த அழுத்தத்தோடு அடைபட்டுக் கிடக்கிறது. மேலிருக்கும் மண்ணின் கனம்தான் அதை அமுக்கி வைத்திருக்கிறது. மண்ணை அள்ளிவிட்டால் நீர் கீழிருந்து முட்டிப் பொத்துக்கொண்டு வந்துவிடும்! அதனால் இரவு பகலாகப் பம்பு வைத்து நீரை இறைத்து, அழுத்தத்தைக் குறைக்கிறார்கள். பாயின் அடி எவ்வளவு தாழ்ந்திருக்கிறதோ, அவ்வளவு அதிகமாக இறைக்க வேண்டும். அந்தக் கணக்குக்கு அடிப்பரப்பின் படம் வேண்டும்.

ஆனால் ஒன்றை மறக்காதீர்கள். துளை போட்ட இடத்தில் இருப்பது அளவு. நடுவில் இருப்பது ஊகம். நல்ல ஊகம்தான், ஆனாலும் ஊகம். அதைச் சோதிக்க அழகான ஒரு வழி உண்டு. ஒரு துளையின் எண்ணை வேண்டுமென்றே மறைத்துவிட்டு, மற்றத் துளைகளை வைத்து அதைக் கணிக்கச் சொல்வார்கள். பிறகு உண்மையான எண்ணோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். வித்தியாசம் அதிகமாக இருந்தால், அந்தப் பக்கம் இன்னும் சில துளைகள் போட வேண்டும் என்று அர்த்தம்.

நீங்களும் செய்யலாம். ஒரு தொட்டியில் பலகையைச் சரிவாக வையுங்கள். மேலே மணலை மேடும் பள்ளமுமாகக் கொட்டி மூடுங்கள். தொட்டியின் விளிம்பில் குறுக்கும் நெடுக்குமாக நூல்களை இழுத்துக் கட்டுங்கள். அந்த நூல்தான் உங்கள் கடல் மட்டம். பத்து இடங்களில் ஈர்க்குச்சியைக் குத்தி, நூலிலிருந்து பலகைவரை அளந்து எழுதுங்கள். ஒன்பது எண்களைத் தோழனிடம் கொடுங்கள். பத்தாவதைக் கைக்குள் மறைத்துக்கொண்டு, "சொல் பார்க்கலாம்!" என்று கேளுங்கள்.

அவன் கணக்கு எவ்வளவு நெருங்கி வந்தது என்று எனக்கு எழுதுங்கள், செல்லங்களே.